இணைய மோசடி: "உஷாராக இரு" என்பதைத் தாண்டி என்ன செய்யலாம்?

சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பாவுக்குப் போன மாதம் ஒரு அழைப்பு வந்தது. உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, விசாரணைக்கு வீடியோவில் வாருங்கள் என்றார்களாம். திரையில் சீருடை, முத்திரை வைத்த கடிதம், எல்லாம் கச்சிதம். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மிரட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். சித்தி எதற்கோ அறைக்குள் போய், "யார் கூடப் பேசுறீங்க?" என்று கேட்டதோடு எதிர்முனையில் ஆளைக் காணோம். பணம் தப்பியது.

சித்தப்பா வாழ்நாள் முழுக்கத் தணிக்கை வேலை பார்த்தவர். அடுத்தவர் கணக்கில் ஒரு பூஜ்யம் கூடினால் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை' பட்டியல்கள் எனக்கு அலுத்துவிட்டன. ஐம்பது அறிவுரையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ஒரு தடவை உட்கார்ந்து செய்துவிட்டால் அப்புறம் தானாகக் காப்பாற்றுகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


எதிர்க்கட்சி

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பயமோ பேராசையோ இல்லாதவரை யாரும் ஏமாற்ற முடியாது. எனக்கும் வாரம் தவறாமல் வருகிறது: லாட்டரி, வேலை வாய்ப்பு, கணக்கு முடக்கம். பாதிச் செய்தியில் எழுத்துப் பிழை. மீதியில் கதையே ஓட்டை. ஐந்து நிமிடம் யோசித்தால் தெரிந்துவிடும். யோசிக்காதவருக்கு எந்தப் பூட்டு போட்டாலும் அவரே திறந்துவிடுவார்.


நிரலி

எதிர்க்கட்சி அண்ணா, உங்களுக்கு வந்தவை உங்களுக்காக எழுதப்பட்டவை இல்லை. அதனால்தான் ஓட்டை தெரிகிறது.

'என் சொத்தை வெளியே எடுக்க உதவினால் பங்கு தருகிறேன்' என்று மின்னஞ்சலில் வரும் நைஜீரிய இளவரசர் கதை உலகத்துக்கே தெரிந்த பிறகும் ஏன் அதே கதையோடு வருகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். லட்சம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்ப அவர்களுக்குச் செலவே கிடையாது. பதில் போட்டவரோடு நாள்கணக்கில் பேசுவதுதான் செலவு. கடைசியில் சுதாரித்துக்கொள்ளக் கூடிய ஆள்கள் முதலிலேயே சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டால் அவர்களுக்கு லாபம். அபத்தமான கதை அந்த வேலையைத்தான் செய்கிறது. அது ஒரு சல்லடை.

உங்களைக் குறிவைத்து எழுதினால் வேறு மாதிரி இருக்கும். ட்ராய் ஹன்ட் தெரியுமா? கசிந்துபோன கடவுச்சொற்களை நாம் தேடிப் பார்க்கும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தை 2013இல் தொடங்கியவர். கணினிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதே அவர் தொழில். 2025 மார்ச்சில் அவரே விழுந்தார். நீண்ட விமானப் பயணம், தூக்கம் இல்லை, அந்த நேரம் பார்த்து "உங்கள் செய்திமடல் அனுப்பும் வசதி நிறுத்தப்பட்டுள்ளது, சரிபார்க்கவும்" என்று ஒரு மின்னஞ்சல். கடவுச்சொல்லையும் போட்டார், ஓடிபியையும் போட்டார். செய்திமடல் வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகள், சுமார் 16,000, சில நிமிடங்களில் போய்விட்டன. அவரே அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்.

இன்னொருவர், மோசடிக் கும்பல்களின் கணினிக்குள்ளேயே நுழைந்து அம்பலப்படுத்தும் ஜிம் பிரௌனிங். 2021இல் யூடியூப் உதவிக் குழு என்று நடித்த ஒருவர் பேச்சைக் கேட்டுத் தன் சேனலைத் தானே அழித்துவிட்டார். பிறகு மீட்டார் என்பது வேறு விஷயம்.

இவர்களுக்கு அறிவு இல்லையா, பேராசையா? அன்றைக்கு அந்த நேரம் சரியில்லை, அவ்வளவுதான். சித்தப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.


எதிர்க்கட்சி

ஹன்ட் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இழந்தது முகவரிப் பட்டியல். வங்கிக்குப் போய், படிவம் நிரப்பி, தன் கையாலேயே பணத்தை அனுப்புகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? ஊழியர் எச்சரித்தும் கேட்பதில்லை என்று படிக்கிறேன்.


கணக்கன்

நான் ஒரு வங்கியில் மோசடிப் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். எந்த வங்கி, எந்த நாடு என்று கேட்க வேண்டாம்.

ஊழியர் எச்சரித்தும் கேட்பதில்லை என்பது உண்மை. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் என்ன கேட்போம் என்பது எதிர்முனைக்கு மனப்பாடம். "பணம் எதற்கு என்று கேட்டால் வீடு பழுதுபார்க்க என்று சொல்லுங்கள். வங்கி ஊழியர்களும் இந்த ஊழலில் உடந்தை, அவர்களிடம் உண்மையைச் சொன்னால் விசாரணை கெட்டுவிடும்" என்று முன்கூட்டியே பாடம் எடுத்து அனுப்புகிறார்கள். வாடிக்கையாளர் எங்களிடம் பேசும்போது சட்டைப்பையில் தொலைபேசி இணைப்பிலேயே இருக்கும். நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் கண்ணுக்கு நான்தான் திருடன்.

படிப்பு, பதவி எதுவும் இதில் காப்பாற்றாது. அமெரிக்காவில் கேன்சாஸ் மாநிலத்தில் எல்கார்ட் என்ற சிற்றூரில் ஒரு வங்கி இருந்தது. அதன் தலைவரே கிரிப்டோ முதலீட்டு மோசடியில் மாட்டினார். முதலில் சொந்தப் பணம், அப்புறம் மற்றவர்கள் பணம், கடைசியில் வங்கிப் பணம். சுமார் 47 மில்லியன் டாலர். 2023 ஜூலையில் வங்கியையே மூட வேண்டியதாயிற்று. 2024இல் அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் சிறை. தினமும் பணத்தோடு புழங்கியவர், "இன்னும் கொஞ்சம் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்" என்று கடைசி வரை நம்பினார். அவர் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நாம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

பிரிட்டனில் இப்போது சட்டமே வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும் வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் விதி. உச்சவரம்பு 85,000 பவுண்டு. விதிவிலக்குகள் உண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. பெற்ற வங்கியையும் சேர்த்ததுதான் முக்கியம். திருட்டுப் பணம் வந்து இறங்கிய கணக்கை யார் திறந்து கொடுத்தது என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

சாரல் அவர்களுக்கு ஒன்று. அந்த அழைப்பில் முத்திரை, சீருடை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். "யாரிடமும் சொல்லாதே", "அழைப்பைத் துண்டிக்காதே" என்ற இரண்டு கட்டளைகள் மட்டுமே போதும். எந்த நாட்டு விசாரணை அதிகாரியும் தொலைபேசியை வைத்தால் கைது என்று சொல்ல மாட்டார். சித்தி வந்து ஒரு கேள்வி கேட்டதும் ஆள் ஓடினார் பாருங்கள், இந்த மோசடிக்கு மூன்றாவது ஆள் ஒத்துவராது. எங்கள் பிரிவில் தப்பியவர்கள் கதையைக் கேட்டால் பெரும்பாலும் நடுவில் யாரோ ஒருவர் எட்டிப் பார்த்திருப்பார்.


பழைய தபால்காரர்

தம்பி கணக்கன் சொல்வது சரி. இது கணினி வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் 'ஸ்பானியக் கைதி' என்றே ஒரு கடித மோசடி இருந்தது. ஸ்பெயின் சிறையில் ஒரு செல்வந்தர் அடைபட்டிருக்கிறார், அவரை விடுவிக்கக் கொஞ்சம் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு கிடைக்கும் என்று கடிதம் வரும். வெளியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்ற வரி அதிலும் உண்டு. அப்போது தபால்தலைச் செலவாவது இருந்தது!


சாரல்

தபால்காரர் ஐயா :)

கணக்கன், "வைத்துவிட்டு இன்னொருவரிடம் சொல்" என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இனி தொழில்நுட்பப் பக்கம். எதிர்க்கட்சி சொன்னது ஒரு வகையில் சரிதான், யோசிக்காத நேரத்திலும் காப்பாற்றுகிற பூட்டு எது?


நிரலி

முதல் பூட்டு, கடவுச்சொல் மேலாளர். கடவுச்சொற்களைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் ஆப். ஆப்பிள், கூகுள் இரண்டும் தங்கள் கைபேசிகளிலேயே இலவசமாகத் தருகின்றன. தனியாகவும் பல உண்டு. நீளமான கடவுச்சொல்லை ஞாபகம் வைப்பதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. எந்தத் தள முகவரிக்கு அந்தக் கடவுச்சொல் சேமிக்கப்பட்டதோ, அந்த முகவரியில் மட்டுமே அது தானாக நிரப்ப முன்வரும். போலித் தளம் உங்கள் கண்ணை ஏமாற்றலாம், ஒரு எழுத்து மாறினாலும் மேலாளர் சும்மா இருந்துவிடும். ஹன்ட் விஷயத்திலும் அது நிரப்பவில்லை. அவர் களைப்பில் அதைக் கவனிக்காமல் தானே எடுத்து ஒட்டினார். ஆகவே வீட்டில் சொல்லி வையுங்கள்: தானாக நிரம்பவில்லை என்றால் கையால் போடாதே, நிறுத்து.

இரண்டாவது, கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ. ஓடிபி இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. போலித் தளத்தில் நீங்கள் கடவுச்சொல் போட்ட அதே நொடியில் அவர்கள் அதை உண்மைத் தளத்தில் போடுகிறார்கள். உண்மைத் தளம் உங்களுக்கு உண்மையான ஓடிபி அனுப்புகிறது. நீங்கள் அதையும் போலித் தளத்தில் போடுகிறீர்கள். முடிந்தது கதை. பாஸ்கீயில் நீங்கள் தட்டச்சு செய்ய எதுவுமே கிடையாது. கைரேகையோ முகமோ காட்டினால் கைபேசிக்குள் இருக்கும் மறைசாவி அந்தத் தளத்துக்கு மட்டும் பதில் சொல்லும். வேறு முகவரியில் அது வேலையே செய்யாது. நீங்களே கொடுக்க நினைத்தாலும் தொலைபேசியில் படித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

இதே தத்துவத்தில் இயங்கும் சாவி வடிவக் கருவிகளும் உண்டு. கூகுள் தன் ஊழியர்கள் 85,000க்கும் மேற்பட்டோருக்கு 2017இல் அதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு ஒரு ஊழியர் கணக்குகூட இந்த மாதிரித் தூண்டிலில் பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னார்கள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் எந்நேரமும் விழிப்பாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. விழிப்பு தப்பினாலும் பூட்டு தப்பவில்லை.

எதிலிருந்து தொடங்குவது? மின்னஞ்சலில் இருந்து. வங்கிக்கு முன்னால் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' கடிதமும் அங்கேதான் வந்து இறங்குகிறது.

முகவரியைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். "உங்கள்வங்கி.கணக்கு-சரிபார்ப்பு.காம்" என்று இருந்தால் அது உங்கள் வங்கி கிடையாது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன்னால், '.காம்' போன்ற வாலோடு சேர்ந்து கடைசியாக இருக்கும் பெயர்தான் தளத்தின் சொந்தக்காரர். இங்கே அது 'கணக்கு-சரிபார்ப்பு.காம்'. முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் படம். எதிரில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

(கைபேசியில் முகவரி பாதிதான் தெரியும். அதனால்தான் கண்ணைவிட மேலாளரை நம்புங்கள் என்கிறேன்.)


வழிப்போக்கன்

எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரே இடத்தில் வைத்தால், அது போனால் மொத்தமும் போய்விடாதா? நான் டைரியில் எழுதி வைக்கிறேன்.


நிரலி

டைரி ஒன்றும் மோசம் இல்லை. வேறு நாட்டில் இருக்கும் திருடன் உங்கள் அலமாரிக்கு வர மாட்டான். டைரியால் முகவரியைச் சரிபார்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை. ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் வைப்பதைவிட டைரி எவ்வளவோ மேல். எங்கோ ஒரு சின்னத் தளம் கசிந்தால், கிடைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு எல்லாத் தளத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள். அதை மனிதர்கூடச் செய்வதில்லை, நிரல் செய்கிறது.


கணக்கன்

நிரலி சொன்னதோடு வங்கிப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு வேறு கணக்கு. கைபேசி ஆப்பிலும் அட்டையிலும் செலவுக் கணக்கு மட்டும் இருக்கட்டும். ஒரு நாளில் அனுப்பக் கூடிய தொகையின் வரம்பைத் தேவைக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள். பெரும்பாலான வங்கி ஆப்களில் இந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. நாளைக்கே பெரிய தொகை அனுப்ப வேண்டி வந்தால் கொஞ்சம் தொந்தரவாக இருக்கும். இருக்கட்டும். அந்தத் தொந்தரவுதான் உங்களுக்கு யோசிக்க நேரம் தரும்.

வங்கியிலிருந்து அழைப்பு என்றால் வைத்துவிட்டு அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். திரையில் வங்கியின் எண்ணே வருகிறதே என்பீர்கள். அழைப்பு எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயரையும் போலியாகப் போட முடிகிற இடங்கள் உண்டு. அப்படி வந்தால் அது வங்கியின் பழைய உண்மைச் செய்திகளுக்குக் கீழேயே போய் உட்காரும். தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடாதீர்கள், முதலில் வருவது மோசடிக்காரர் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம்.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஆப், ஸ்கிரீன் ஷேர், இரண்டையும் பற்றி வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லி வையுங்கள்: நாமாகத் தேடிப் போய் உதவி கேட்காத எவருக்கும் திரையைக் காட்டக் கூடாது. 'பணம் திருப்பித் தருகிறோம்' மோசடியில் நடப்பது இதுதான். உங்கள் திரைக்குள் வந்து, வங்கிப் பக்கத்தில் தெரியும் எண்ணை மாற்றிக் காட்டுவார்கள். நூறு அனுப்ப வேண்டியது பத்தாயிரம் வந்துவிட்டது போலத் தெரியும். "ஐயோ, தவறாகப் போட்டுவிட்டேன், என் வேலை போய்விடும்" என்று அழுவார். நல்ல மனசுக்காரர்கள் மாட்டுவது இதில்தான். பேராசை என்றாரே எதிர்க்கட்சி, இதில் பேராசை எங்கே இருக்கிறது?

அதேபோல முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்குக்கு உண்மையிலேயே பணம் அனுப்பி, "திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டால் நீங்கள் அனுப்பாதீர்கள். வங்கியிடம் சொல்லுங்கள், அவர்கள் வந்த வழியில் திருப்புவார்கள். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்தால் கைமாற்றிவிட்ட குற்றம் உங்கள் தலையில். கமிஷனுக்காக வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' விடும் மாணவர்களும் இப்படித்தான் வழக்கில் சிக்குகிறார்கள்.

சிம் விஷயமும் உண்டு. உங்கள் எண்ணை இன்னொரு சிம்முக்கு மாற்றிக்கொண்டால் ஓடிபி எல்லாம் அங்கே போகும். 2019இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கே இந்த வழியில்தான் கைப்பற்றப்பட்டது. காரணமில்லாமல் கைபேசியில் சிக்னல் போய் நெடுநேரம் வராவிட்டால், வேறு எண்ணிலிருந்து சேவை நிறுவனத்துக்கும் வங்கிக்கும் உடனே பேசுங்கள். ஓடிபி குறுஞ்செய்தியாக வருவதற்குப் பதில் அங்கீகார ஆப் (கைபேசிக்குள்ளேயே ஓடிபியை உருவாக்கும் ஆப்) வழியாக எடுக்க முடிந்தால் அதற்கு மாறுங்கள்.


மட்டுறுத்துநர்

இங்கே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. "நானும் பணத்தை இழந்தேன், இந்த ஹேக்கரைத் தொடர்புகொண்டேன், முழுவதையும் மீட்டுக் கொடுத்தார்" என்று ஒரு டெலிகிராம் முகவரியோடு இருந்தது. உறுப்பினர் கணக்கு இன்று காலை தொடங்கப்பட்டது. தனிமடலிலும் சிலருக்கு அனுப்பியிருக்கிறார். பதில் போடாதீர்கள்.


எதிர்க்கட்சி

மோசடி பற்றிப் பேசும் இழையிலேயே வந்து கடை விரிக்கிறார்களே, என்ன தைரியம்!


கணக்கன்

தைரியம் இல்லை, இதுதான் அவர்களுக்குச் சரியான இடம். பணத்தை இழந்தவர்கள் வேறு எங்கே கூடுவார்கள்? ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி விற்கப்படுகிறது. அப்புறம் வழக்கறிஞராக, சைபர் அதிகாரியாக, ஹேக்கராக வருவார்கள். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்வார்கள். திருடியதே அவர்கள் கூட்டம்தானே, தெரியாமல் இருக்குமா? மீட்டுத் தர முன்பணம் கேட்டால் அது இரண்டாவது மோசடி.


புதுமுகம்

உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் உறுப்பினரானேன். என் அண்ணன் ஒரு முதலீட்டு ஆப்பில் பணம் போட்டுக்கொண்டிருக்கிறார். தவறான எண் என்று வந்த ஒரு செய்தியில் தொடங்கிய பழக்கம், இப்போது அந்தப் பெண்தான் எப்போது வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று சொல்கிறார். முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார், பணம் வந்தது. இப்போது ஆப்பில் பெரிய லாபம் காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டப் போகிறார். நான் சொன்னால் "உனக்குப் பொறாமை" என்கிறார். என்ன செய்வது?


நிரலி

பொறாமை என்று சொல்லச் சொன்னதும் அவர்களாகத்தான் இருக்கும்.

முதலில் வந்த பணம் உண்மைதான், அது தூண்டில் புழு. ஆப்பில் தெரியும் லாபம் உண்மை இல்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ தட்டச்சு செய்த எண் அது. அங்கே பங்கும் கிடையாது, நாணயமும் கிடையாது. கிரிப்டோ நாணயம் என்று சொல்லி விற்ற 'ஒன்காயின்' என்று ஒன்று இருந்தது. நான்கு பில்லியன் டாலருக்கு மேல் வசூல். அதன் விலை ஏறுவதைத் திரையில் பார்த்து உலகம் முழுக்கப் பூரித்தார்கள். நிறுவனர் ருஜா இக்னாடோவா 2017 அக்டோபரில் பல்கேரியாவின் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார், அதோடு காணாமல் போனார். 2022இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் முதல் பத்துத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் 'பெண்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவரும் விருப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தி அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. நல்ல வேலை என்று நம்பிப் போனவர்களிடம் கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கையில் எழுதிவைத்த வசனங்களைக் கொடுக்கிறார்கள். உங்கள் அண்ணனிடம் பேசுவது ஒரு ஆளாகக்கூட இருக்காது. பணிநேரம் மாறும்போது ஆளும் மாறும்.


கணக்கன்

புதுமுகம், அண்ணனோடு வாதம் செய்யாதீர்கள். 'நீ ஏமாந்துவிட்டாய்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. அதை ஒப்புக்கொள்வதைவிட இன்னொரு கடன் வாங்குவது அவருக்கு எளிது. ஒரே ஒரு வேலை கேளுங்கள்: "வரியை அந்த லாபத்திலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பச் சொல். அனுப்பினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்." அவ்வளவுதான். உண்மையான நிறுவனம் என்றால், எடுக்கும் தொகையில் பிடித்துக்கொள்வதில் என்ன சிக்கல்? இவர்கள் மட்டும் வெளியிலிருந்து புதுப் பணம்தான் வேண்டும் என்பார்கள். அந்தப் பதிலை அவரே கேட்கட்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு நீங்களே தகவல் கொடுங்கள். அவர் கணக்கு விவரம் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள். இந்தச் சிக்கலுக்காகவே சிங்கப்பூரில் 2025 ஜூலையில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றப்படுகிறவர் எவ்வளவு சொல்லியும் நம்ப மறுத்தால், அவர் கணக்கிலிருந்து பணம் போவதைத் தற்காலிகமாக நிறுத்தும்படி காவல்துறையே வங்கிக்கு உத்தரவிடலாம்.


எதிர்க்கட்சி

என் சொந்தப் பணத்தை அனுப்ப காவல்துறை அனுமதியா? அது எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் புதுமுகம் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன் போல.

வேறு ஒன்று கேட்க வேண்டும். குரலையே போலியாக உருவாக்குகிறார்களாமே. என் மகள் குரலில் அழுதுகொண்டு அழைப்பு வந்தால் நான் யோசிக்க மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடி என் ஐந்து நிமிடத் தத்துவம் எல்லாம் பறந்துவிடும்.


நிரலி

குரலுக்குச் சில நொடிப் பதிவு போதும், அது சமூக ஊடகத்திலேயே கிடைக்கிறது. படமும் இப்போது வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் நடந்தது இது. ரகசியப் பரிவர்த்தனை என்று மின்னஞ்சல் வந்தபோது நிதிப் பிரிவு ஊழியருக்குச் சந்தேகம்தான். அப்புறம் வீடியோ கூட்டத்தில் நிதித் தலைமை அதிகாரியும் தெரிந்த சக ஊழியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் போய்விட்டது. அவரைத் தவிர அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் செயற்கை உருவங்கள். சுமார் 200 மில்லியன் ஹாங்காங் டாலர் போனது.

உதடு பொருந்துகிறதா, கண் சிமிட்டுகிறதா என்று தேடுவதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். அந்த ஊழியர் கூட்டத்தை முடித்துவிட்டு அதிகாரியின் வழக்கமான எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டிருந்தால் போதும். நீங்களும் மகளின் எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் அவளோடு இருக்கக் கூடியவருக்கு. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதற்றத்தில் அது மறந்துபோகும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் மகளுக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்று கேட்பதும் நல்லது, முகநூலில் பதில் கிடைக்காத கேள்வியாக.

அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு: சப்ளையரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் பழைய எண்ணில் அழைத்துக் கேட்காமல் மாற்றாதீர்கள். 2013க்கும் 2015க்கும் இடையில் லிதுவேனியாக்காரர் ஒருவர் போலி விலைப்பட்டியல்களை அனுப்பியே கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 120 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கிவிட்டார்.


புதுமுகம்

அண்ணன் கேட்டுப் பார்த்தார். கழித்துக்கொள்ள முடியாது, இருபத்து நான்கு மணி நேரத்தில் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று அந்தப் பெண் கத்தியிருக்கிறார். அதுவரை அப்படிப் பேசியதே இல்லையாம். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டார். கடைசியாக அனுப்பியது நேற்று மாலை. இப்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?


கணக்கன்

இப்போதே வங்கியை அழையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நேற்று அனுப்பிய தொகை போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லிக் கேளுங்கள். திருட்டுப் பணம் ஒரே கணக்கில் தங்காது, சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரியும். சில சமயம் கடைசித் தவணை மட்டுமாவது மாட்டும். புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. சின்னத் தொகை என்று விடாதீர்கள். அதே கணக்கின் மேல் இன்னொருவரும் புகார் கொடுத்திருப்பார்.

உரையாடலை அழிக்க வேண்டாம். அவமானத்தில் முதலில் செய்வது அதுதான். ஆப், சாட், பணம் அனுப்பிய ரசீதுகள், கிரிப்டோ முகவரி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஆப்பை நீக்குவது அதற்குப் பிறகு. அந்தப் பெண்ணுக்குத் திட்டி எழுத வேண்டாம், சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள்.

இரவில் அண்ணனைத் தனியே விடாதீர்கள்.


நிரலி

அடையாள அட்டைப் படம் எதுவும் அந்த ஆப்பில் ஏற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஏற்றியிருந்தால் அவர் பெயரில் கடன் எடுக்கப் பார்ப்பார்கள், கடன் அறிக்கையை அவ்வப்போது பார்க்க வேண்டும். இன்னொரு நல்ல கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்துங்கள். மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் போய் 'முன்னனுப்புதல்', 'வடிகட்டி' இரண்டையும் பாருங்கள். உள்ளே வந்தவர் உங்கள் கடிதங்களின் நகல் தனக்கு வரும்படி அங்கே ஒரு விதி போட்டு வைத்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும் பார்த்து, தெரியாததை நீக்குங்கள்.


புதுமுகம்

வங்கியில் பேசிவிட்டோம். நேற்றைய தொகையில் ஒரு பகுதி இன்னும் அந்தக் கணக்கில் இருக்கிறதாம், நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறோம்.


பழைய தபால்காரர்

நல்லது அம்மா. திரும்பி வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.


சாரல்

நான் நேற்று சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ போட்டுவிட்டேன், வரம்பையும் குறைத்தாயிற்று. அங்கீகார ஆப்பும் போட்டேன். அவர் தணிக்கைக்காரர் ஆயிற்றே, உடனே கேட்டுவிட்டார்: "கைபேசியே தொலைந்தால்?"


நிரலி

சரியான கேள்வி. இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்பது) அமைக்கும்போது, கைபேசி இல்லாத நேரத்தில் நுழைய 'மாற்றுக் குறியீடுகள்' பெரும்பாலான தளங்கள் தரும். அதைத் தாளில் அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொல்லுங்கள், கைபேசியில் படமாக வைத்தால் பயனில்லை. சித்தி கைபேசியிலோ பழைய டேப்லெட்டிலோ இரண்டாவது பாஸ்கீ ஒன்றும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றுக் குறியீடும் ஒரு தடவைதான் வேலை செய்யும், பயன்படுத்தியதைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். அதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.